இரட்டை ஜடைப் படம்

ஜூன் 7, சனி

பள்ளி திறக்க இன்னும் சில நாள்தான். கடையில் நிற்க இடமில்லை. மாரெட்பள்ளியில் இருக்கிற அத்தனை அம்மாக்களும் ஒரே நாளில் விழித்துக்கொண்ட மாதிரி வந்து நிற்கிறார்கள். ஏப்ரலிலேயே வாங்க, மே மாசமே வாங்க என்று ஸ்டேட்டஸில் கத்தினேன். யார் கேட்டார்கள்? இப்போது பையன் திடீரென்று ஒரு சைஸ் வளர்ந்துவிட்டானாம். அதற்கும் நான்தான் பொறுப்பாம்.

தன்மயியைக் கடைக்கு வரச் சொல்லியிருந்தேன். வருஷா வருஷம் நடப்பதுதான். அவள் எல்.கே.ஜி. போன நாளிலிருந்து ஒவ்வொரு ஜூனிலும் புது யூனிஃபார்மை அவளுக்குப் போட்டுப் படம் எடுப்பேன். கடை வாட்ஸாப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் ஏற்றுவேன். ராஜி யூனிஃபார்ம்ஸ் என்றால் இந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியாது, அவள் முகம்தான் தெரியும். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரு தையல் மெஷினோடு ஆரம்பித்தவள் நான். விளம்பரத்துக்கு ஆளா வைத்தேன்? மகள் இருந்தாள், நிறுத்தினேன், எடுத்தேன்.

இந்த வருஷம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். எட்டாம் வகுப்பு. பினாஃபோர் மாட்டி, எண்ணெய் வைத்து வாரி, இரட்டை ஜடை மடித்துக் கட்டி, சிவப்பு ரிப்பன் வைத்து நிறுத்தினால், "நக்கோம்மா" என்கிறாள். வேண்டாமாம். யார் கேட்டது இவளை? இரண்டு நிமிஷ வேலை.

பெல்ட், சாக்ஸ், ஐடி கார்டு தொங்கவிடுகிற நாடா எல்லாவற்றையும் இந்த வருஷம் ஒரே செட்டாக விற்கிறேன். நாடாவின் நுனியில் காலி உறை தொங்கினால் படம் அரைகுறையாகத் தெரிந்தது. புத்தகத்தோடு பள்ளியில் கொடுத்த புதுக் கார்டு அவள் பையில் இருந்தது. அதைச் செருகினேன். படம் நச்சென்று வந்தது. பெரிதாக்கிப் பார்த்தால் தையல்கூட எண்ணலாம். ஏற்றிவிட்டேன். அடைக்கிற நேரத்துக்குள் செட் செட்டாக ஆர்டர்.

இவர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து படத்தைப் பார்த்துவிட்டு, "பாப்பா சிரிக்கவே இல்லையே ராஜி" என்றார். சிரிப்பை யார் வாங்குகிறார்கள்? துணியைத்தானே விற்கிறேன்.

ஜூன் 21, சனி

பெற்றோர் கூட்டம். கடையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனேன். போனதற்கு ரத்தம் கொதித்ததுதான் மிச்சம்.

எட்டாம் வகுப்புக்கு வாரம் ஒரு பீரியட், சோஷியல் மீடியாவைப் பொறுப்பாகப் பயன்படுத்துவது எப்படி என்று சொல்லித்தரப் போகிறார்களாம். கணக்கு வரவில்லை, தெலுங்கு எழுத வரவில்லை, இது ஒன்றுதான் குறைச்சல். கம்ப்யூட்டர் மிஸ் சபீனா எடுக்கிறார். வாணியம்பாடிக் குடும்பம், இங்கேயே பிறந்தவர். என்னோடு தமிழிலேயே பேசினார்.

ஃபோன் கிடையாதாம், நெட் கிடையாதாம். வகுப்பின் பின்சுவரில் பச்சைத் துணி போர்த்திய பலகை ஒன்று. அதுதான் அவர்களுடைய 'பக்கம்'. பிள்ளைகள் காகிதத்தில் எழுதி, வரைந்து, அதில் குத்த வேண்டும். மற்றவர்கள் துண்டுச் சீட்டில் கமெண்ட் எழுதி அடியில் குத்த வேண்டும். குத்துவதற்கு முன்னால் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டுமாம் — இதை யார் யார் பார்ப்பார்கள், நான் காட்ட நினைக்காதது எதுவும் இதில் தெரிகிறதா, இதில் இருக்கிறவரைக் கேட்டேனா. தன்னைப் பற்றிய எதுவாவது பலகையில் இருந்து அது பிடிக்கவில்லை என்றால், அந்தப் பிள்ளை அதன்மேல் ஒரு சிவப்புக் குண்டூசி குத்தலாம். குத்திவிட்டால் போட்டவர் எடுத்துவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது.

நான் எழுந்து கேட்டேன். "மிஸ், என் வீட்டுல பொண்ணுக்கு ஃபோனே கிடையாது. இல்லாத பொருளுக்கு எதுக்கு ட்ரெய்னிங்?"

"என்னிக்காவது கிடைக்கும்தானே மேடம். அன்னிக்கு நீங்களும் பக்கத்துல இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன். தப்பு பண்றதை இங்க காகிதத்துல பண்ணட்டும், கிழிச்சுப் போட்டுடலாம்."

நாலு பேர் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினமும் ஸ்டேட்டஸ் போட்டுப் பிழைக்கிறவள் நான். எனக்குப் பலகை வைத்தா யாராவது சொல்லிக்கொடுத்தார்கள்?

அந்தச் சிவப்புத் தலைக் குண்டூசி டப்பா என் கடையில் வாங்கியதுதான். அதையும் அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

ஜூலை 2, புதன்

தன்மயி வீட்டில் உட்கார்ந்து கமெண்ட் எழுதிப் பழகுகிறாள். ஒரு வரியை அடித்து அடித்து எழுதுகிறாள். நான் இப்படி யோசித்து யோசித்துக் கஸ்டமருக்குப் பதில் போட்டால் அவன் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போயிருப்பான்.

ஜூலை 11, வெள்ளி

எழுத்து கோணிக்கொண்டு போகிறது. போகட்டும்.

சாயங்காலம் கல்பகம் மேடம் வந்தார். தார்நாகாவில் ஏதோ லேபில் அவர் வீட்டுக்காரர் விஞ்ஞானி. பையன் ஆதர்ஷ் தன்மயியின் வகுப்பு. கடை நிறைய ஆட்கள். சட்டையின் காலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொல்கிறார் — "உங்க கடைப் படத்தைத்தான் இன்னிக்குக் கிளாஸ்ல எல்லாரும் துருவிட்டாங்களாமே? தன்மயி எந்த பஸ், எந்த ஸ்டாப், அவ அப்பா பேரு என்ன, எல்லாம் ஆதர்ஷ் ஒப்பிக்கிறான். பிளட் குரூப் முதற்கொண்டு." சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். கடையில் இருந்த இன்னும் ரெண்டு பேரும் சிரித்தார்கள்.

சட்டையைக் கவரில் போட்டுக் காசை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து தன்மயியைக் கேட்டேன். யாருடி அந்தப் படத்தைக் கொண்டு வந்தது? எவனையாவது காட்டுவாள், அவன் அம்மாவைப் போய்ப் பிடிக்கலாம் என்று நினைத்தேன்.

"நான்தான். குழந்தை படம் போட்ட ஆட் ஏதாவது கொண்டு வாங்கன்னு மிஸ் சொன்னாங்க. முன்னப்பின்ன தெரியாத ஆள் பார்த்தா என்னென்ன கண்டுபிடிப்பான்னு பார்க்கணும். நான் வேற எங்கயும் தேடல."

கார்டில் இருந்த எழுத்தெல்லாம் பெரிதாக்கினால் தெரிகிறதாம். பெயர், வகுப்பு, செக்‌ஷன், அப்பா பெயர், பஸ் ரூட், ஏறுகிற இடம், ரத்த வகை. தெரியட்டுமே. வங்கி லாக்கர் சாவியா அது? என் மகள், என் கடை, நான் தைத்த துணி. அதை எடுத்துக்கொண்டு போய் நாற்பது பிள்ளைகள் நடுவில் குத்தி வைத்து — இதுதான் பொறுப்பா?

பெற்ற மகளே செய்தாள் என்பதுதான் பொறுக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

நேற்று லஷ்கர் போனாலு, அம்மன் திருவிழா, ரோடெல்லாம் அடைத்துவிட்டார்கள், கடை பூட்டிக் கிடந்தது. ஒரு நாள் சும்மா இருந்ததில் கோபம் ஆறும் என்று இவர் நினைத்திருப்பார். ஊறித்தான் போனது. காலையில் முதல் வேலையாகப் பள்ளிக்குப் போனேன்.

சபீனா மிஸ் என்னை உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. பச்சைப் பலகையில் என் படம் இன்னும் இருந்தது. தன்மயியின் நெஞ்சுக்கு மேலே, கார்டு தொங்குகிற இடத்தில், ஒரு சிவப்புக் குண்டூசி.

"என் கடையை அசிங்கப்படுத்த உங்களுக்கு யாரு பர்மிஷன் குடுத்தது?"

"ஹவ் மேடம், ஆமா, உங்க கோபம் சரிதான். அவ குத்தின அப்புறம்தான் எனக்கே தெரியும். கார்டு மேல டேப் ஒட்டிடட்டுமான்னு கேட்டேன். வேணாம் மிஸ், ஊர்ல எல்லார் ஃபோன்லயும் டேப் இல்லாமத்தான் இருக்குன்னுட்டா."

"கடைப் படம்னா நாலு பேர் பார்க்கத்தான் போடுறது."

"சிவப்பு ஊசியும் அவளேதான் குத்தினா. போட்டவங்கதான் எடுக்கணும்னு எங்க ரூல். படத்தை மொதல்ல போட்டது அம்மா, அம்மாவுக்கு வீட்டுல எப்படி ஊசி குத்துறதுன்னு என்னைக் கேட்டா."

இதற்கு மேல் கேட்க எனக்கென்ன பொறுமை? நேரே பிரின்சிபால் பத்மஜா மேடத்திடம் போனேன். அவருக்கு என்னைத் தெரியும். ஜூன் மாதம் ஆயிரம் பிள்ளைகள் ஒரே மாதிரி உடுத்தி வரிசையில் நிற்பது யாரால் என்றும் தெரியும். நான் சத்தம் போடவில்லை. இந்த பீரியட் பற்றிப் பெற்றோர்கள் என் கடையில் நின்று என்னென்னவோ பேசுகிறார்கள், எனக்குக் கவலையாக இருக்கிறது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

உண்மையில் அதுவரை எந்தப் பெற்றோரும் எதுவும் பேசியிருக்கவில்லை. கடைக்கு வந்ததும் பேச வைத்தேன். வந்தவரையெல்லாம் கேட்டேன். உங்க பிள்ளையோட படத்தையும் இப்படித்தான் குத்தப் போறாங்க, சும்மாவா இருப்பீங்க?

ஜூலை 18, வெள்ளி

பீரியடை நிறுத்திவிட்டார்கள். பல பெற்றோர்கள் ஃபோன் செய்தார்களாம். அந்த நேரத்தில் இனி மேத்ஸ்.

நல்லது.

தன்மயி பையை வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தும்போதுகூடச் சத்தம் வரவில்லை. இதற்கு அவள் கத்தியிருக்கலாம்.

ஜூலை 20, ஞாயிறு

என் துணிக் கத்தரி. அந்தக் கத்தரியால் ஒரு காகிதம் வெட்டினால்கூட எங்கள் தொழிலில் கையை ஒடிப்போம், முனை மழுங்கிவிடும். அன்னக்கிளியக்கா இத்தனை வருஷமாக என்னிடம் தைக்கிறார், அவரைக்கூட அதில் நூல் வெட்ட விடமாட்டேன். அதை எடுத்துக்கொண்டு போய்ப் பாத்ரூம் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு ஜடையையும் வெட்டிப் போட்டிருக்கிறாள். அடியோடு. ரிப்பனோடு வாஷ்பேசினில் கிடக்கிறது.

பிறந்ததிலிருந்து நான் வளர்த்த முடி.

அடிக்கக் கை ஓங்கினேன். இவர் நடுவில் வந்துவிட்டார். "ஏன்டி, ஏன்டி"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன், எனக்கே கேவலமா இருக்கு என் குரல். அவள் அழவில்லை.

"படத்தை நீ எடுக்க மாட்டே. அதான்."

பார்லருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காதுக்கு மேலே சமமாக வெட்டிவிட்டு வந்தார் இவர். வரும்போது அப்பனும் மகளும் ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வேறு வந்தார்கள்.

படத்தை எடுக்க மாட்டேன். இதற்குப் பிறகு நிச்சயமாக எடுக்க மாட்டேன்.

ஜூலை 23, புதன்

அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை. சாப்பாட்டு டப்பா மட்டும் காலியாகத் திரும்பி வருகிறது. அதுவரைக்கும் சரி.

ஆகஸ்ட் 6, புதன்

வரிசையாக எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

காலையில் தன்மயி பஸ் ஏறினாள். நான் வந்து ஷட்டரைத் தூக்கினேன். சுதந்திர தினத்துக்கு வெள்ளைச் சட்டைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். கடை நம்பருக்கு ஃபோன். தெலுங்கில் பேசினான். தன்மயி அம்மாவா, சீனு சாரின் மனைவிதானே, எட்டாம் வகுப்பு பி செக்‌ஷன்தானே என்றான். ரூட் நம்பர் சொன்னான். ஸ்டாப் சொன்னான். பஸ் மோதிவிட்டது, உங்கள் பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், பி நெகட்டிவ் ரத்தம் உடனே வேண்டும், கிடைக்காத குரூப், ஆள் நிற்கிறான், இந்த நம்பருக்கு இப்போதே பணம் போடுங்கள் என்றான்.

பதினெட்டு வருஷமா வியாபாரம் பண்றேன். கலப்புத் துணியைக் கண்ணை மூடிக்கிட்டு விரல்ல தேய்ச்சுச் சொல்லுவேன். என்னை ஏமாத்த சூரத்துலேர்ந்து ஆள் வந்து தோத்துப் போயிருக்கான். அந்த நான், ஒரு கேள்வி கேக்கல. ஒண்ணுகூடக் கேக்கல. அவனுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கே, அப்போ உண்மைதானே? கை பாட்டுக்கு ஃபோன்ல நம்பரை அடிக்குது. அன்னக்கிளியக்கா "என்னம்மா, என்னம்மா"ங்கறாங்க, காதுல விழல.

நான் தாமதிக்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ. அழுகிற குரலில் சொன்னான், பார்க்க முடியவில்லை மேடம், சின்னப் பொண்ணு, ரெண்டு ஜடையும் ரத்தத்தில் நனைந்து கிடக்கிறது.

விரல் நின்றது.

"எந்த ஜடை?" என்றேன்.

ரெண்டும் மேடம், சிவப்பு ரிப்பன் கட்டிய ரெண்டு ஜடையும் என்றான்.

என் மகளுக்கு ஜடை இல்லை. வாஷ்பேசினில் கிடந்ததை என் கையால் அள்ளிப் போட்டேன். இந்த நாய் என் மகளைப் பார்க்கவில்லை. என் படத்தைப் பார்த்துக்கொண்டு பேசுகிறான். ஜூன் மாதம் நான் நிறுத்தி, நான் எடுத்து, நான் ஏற்றிய படம். அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அந்தக் கார்டில் இருக்கிறது. ஆதர்ஷ் ஒப்பித்ததும் இதுதான்.

என்ன திட்டினேன் என்று எழுத முடியாது. தெரிந்த மூன்று பாஷையிலும் திட்டினேன். வைத்துவிட்டான்.

பொய் என்று தெரிந்துவிட்டது. தெரிந்தும், பள்ளிக்கு அடித்தேன். ஆபீஸில் எடுத்தது சபீனா மிஸ். என் குரலைக் கேட்டதும் ஒன்றும் விசாரிக்கவில்லை, "லைன்ல இருங்க மேடம்" என்று ஓடினார். ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் மூச்சு வாங்குகிற சத்தம். அப்புறம் —

"என்னம்மா? டெஸ்ட் நடக்குது."

எரிச்சலான குரல். அவ்வளவு நாள் கழித்து என்னோடு பேசிய முதல் வார்த்தை.

ஒண்ணுமில்ல, எழுது போ என்றேன்.

வெள்ளைச் சட்டை அடுக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் மறுபடி இஸ்திரி போட வேண்டும்.

அதே நாள், சாயங்காலம்

படத்தை எடுத்துவிட்டேன். இந்த வருஷத்தது மட்டுமில்லை, எல்.கே.ஜி.யிலிருந்து எல்லாம். அப்புறம் போலீஸில் எழுதிக் கொடுத்தோம். இந்த விவரமெல்லாம் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்கள். இவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். நான்தான் சொன்னேன்.

நான் எடுத்தால் என்ன, கல்பகம் மேடம் எத்தனை குரூப்புக்கு அனுப்பினாரோ. 'செட் வந்தாச்சு, எல்லாருக்கும் ஃபார்வர்ட் பண்ணுங்க' என்று படத்துக்கு அடியில் எழுதினதும் நான்தானே. அது இனி எவன் ஃபோனில் எத்தனை வருஷம் கிடக்கும்? யாரைப் போய்க் கேட்பது?

தன்மயி வந்ததும் சொன்னேன். "எடுத்துட்டேன்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"எல்.கே.ஜி. படமுமா? அதை விட்டிருக்கலாம். அதுல நான் க்யூட்டா இருப்பேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். அவள் முடி வெட்டிய பின்னந்தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தாள். பிறகுதான் அந்த ஃபோன் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. வந்து ஒட்டி உட்கார்ந்தாள்.

"மிஸ் சொல்வாங்கம்மா. படத்துல இருக்கிறது தெரிஞ்சா, அவனுக்கு நம்மளைத் தெரியும்னு அர்த்தம் இல்ல. படத்துல இல்லாததைக் கேக்கணும்."

சொல்லித்தான் இருக்கிறார். நான்தான் நிறுத்தினேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பத்மஜா மேடத்திடம் அந்த பீரியட் மறுபடி வேண்டும் என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பெற்றோருக்கு விருப்பமில்லை என்று நீங்கள்தானே வந்து சொன்னீர்கள் என்றார். சரி, இப்போது விருப்பம் வந்துவிட்டது என்றேன். அதை அவர்கள் வந்து சொல்லட்டும் என்றார். அந்த அம்மாளிடம் வியாபாரம் செய்தால் நான் ஒரு நாள்கூடத் தாங்கமாட்டேன்.

ஆக, எந்தக் கவுன்ட்டரில் நின்று வேண்டாம் என்று சொன்னேனோ, அதே கவுன்ட்டரில் நின்று ஒவ்வொருவராகப் பிடித்து வேண்டும் என்று சொல்கிறேன். வந்த ஃபோனையும் சொல்கிறேன், ஒளிக்காமல். சொல்லச் சொல்ல என்மேலேயே எனக்கு எரிகிறது. "நீங்கதானே வேணாம்னீங்க?" — எல்லோருக்கும் இதே கேள்வி. கல்பகம் மேடம் மட்டும் அதைக் கேட்கவில்லை. ஃபோனை எடுத்து, அங்கேயே நின்று, குரூப் குரூப்பாகப் போய் என் படத்தை அழிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் ஃபோனில் மட்டும்தான் அழிகிறது, மற்றவர்கள் ஃபோனில் அப்படியே இருக்கிறது என்றார்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பீரியட் திரும்பி வந்தது. சபீனா மிஸ் ஒரு நிபந்தனை போட்டார். பெற்றோரும் ஒரு முறை வந்து பிள்ளைகளோடு உட்கார வேண்டும்.

அந்தச் சின்ன பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு காகிதம், யார் எழுதியது என்று தெரியாமல் இருக்க ஒரு பொய்ப் பெயர். வழக்கமாகக் கடைக்குப் போடுகிற மாதிரி ஒன்று எழுதிக் குத்தினேன், அன்னக்கிளியக்கா மெஷினில் குனிந்து தைக்கிற மாதிரி கோடு இழுத்து. அடியில் சீட்டுகள் வந்து விழுந்தன. 'அந்த ஆன்ட்டியைக் கேட்டீங்களா?' 'ஆன்ட்டியைக் கேட்டீங்களா?' 'தையல் நல்லா இருக்கு, கேட்டீங்களா?'

பதின்மூன்று வயதுப் பிள்ளைகள். எட்டிப் பிடித்து ஆளுக்கொரு குட்டு வைக்கலாம் போல இருந்தது. கடைக்கு வந்து அன்னக்கிளியக்காவைக் கேட்டேன். முகம் வேண்டாம், கை மட்டும் எடுத்துக்கோம்மா என்றார். இத்தனை வருஷத்தில் அவரிடம் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. எத்தனை படத்தில் இருக்கிறார்!

நவம்பர் 14, வெள்ளி

குழந்தைகள் தினம். எல்லா வகுப்புக்கும் பச்சைப் பலகை வைக்கிறார்களாம். ட்வில் துணி நம் கடையிலிருந்துதான் போனது. கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இப்போதெல்லாம் ஹேங்கரில் தொங்குகிற யூனிஃபார்ம்தான். கார்டு உறை காலியாகவே தொங்குகிறது. ஆர்டர் முன்னைவிடக் குறைவு. பொய் சொல்லி என்ன.

மத்தியானம் தன்மயி நிகழ்ச்சி முடிந்து நேரே கடைக்கு வந்தாள். இவர் ஏதோ சொல்ல, கவுன்ட்டர் மேல் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குட்டை முடி காதுப்பக்கம் கொஞ்சம் வளர்ந்து சுருண்டு நின்றது. பின்னால் நீலச் சட்டைகள் வரிசையாக. நான் ஃபோனைத் தூக்கி எடுத்துவிட்டேன். கழுத்தில் கார்டு இல்லை, பள்ளிப் பெயர் இல்லை, ஒன்றும் தெரியவில்லை. அத்தனையும் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் நான் எடுத்த படங்களிலேயே இதுதான் படம். இதைப் போட்டால் ஜூன் மாதக் கூட்டம் இப்போதே வரும்.

திருப்பிக் காட்டினேன். "போடட்டுமா?"

நல்லா இருக்கும்மா என்றாள். இரண்டு விரலால் பெரிதாக்கி, தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நக்கோ" என்றாள்.

கோபம் வந்தது. போடவில்லை.